காட்சித் தொகுப்பி கொண்டு எளிய இணையப் பக்கம் அமைத்தல்

ஒரு கிராமத்திலுள்ள மழைமானியின் அளவைப் பள்ளிக் கரும்பலகையில் நாள்தோறும் எழுதி வைத்தால், அதனைப் படிப்போர் அக்கரும்பலகையின் முன் வந்து நிற்போர் மட்டுமே. அதே அளவை ஓர் இணையப் பக்கத்தில் எழுதினால், பத்து மைல் தொலைவிலுள்ள விவசாயியும், மாவட்ட அலுவலகத்திலுள்ள அதிகாரியும், அடுத்த ஆண்டு அதே வகுப்பில் சேரும் மாணவனும் அதனைப் படிக்க இயலும். இணையப் பக்கம் அமைத்தல் கணிப்பொறி வல்லுநருக்கே உரிய வேலை என்னும் எண்ணம் களப் பணியாளரிடையேயும் ஆசிரியரிடையேயும் பரவலாக உள்ளது. அவ்வெண்ணம் சரியன்று. கடிதம் ஒன்றைத் தட்டெழுதத் தெரிந்தவர் எவரும் காட்சித் தொகுப்பி என்னும் கருவியின் துணையால் ஒரு மாலைப் பொழுதில் பயனுள்ள பக்கம் ஒன்றை அமைத்துவிடலாம். எனினும், கண்ணுக்கு ஒழுங்காகத் தோன்றும் பக்கம் பிறர் கையில் ஒழுங்காக அமையும் என்பதற்கு உறுதியில்லை. தமிழ்ப் பக்கங்களைப் பொறுத்தவரை இவ்வேறுபாடு பெரும் இழப்புக்குக் காரணமாக இருந்திருக்கிறது. அக்கருவியின் பயனும், அது மறைக்கும் பிழைகளும், அவற்றை நீக்கும் முறைகளும் இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

இணையப் பக்கம் என்பது யாது?

இணையப் பக்கம் என்பது அடிப்படையில் ஓர் எழுத்துக் கோப்பே ஆகும். அதில் இரு வகைப் பொருள்கள் கலந்திருக்கும். ஒன்று, படிப்போருக்கு உரிய செய்தி. மற்றொன்று, அச்செய்தியின் எப்பகுதி தலைப்பு, எப்பகுதி பத்தி, எப்பகுதி அட்டவணை என உலாவிக்கு உணர்த்தும் குறிகள். இக்குறிகள் கோண அடைப்புகளுக்குள் எழுதப்படும். இவற்றின் தொகுதியே எச்.டி.எம்.எல். எனப்படும் குறிமொழியாகும். படமானது கோப்பினுள் இருப்பதில்லை. 'இன்ன பெயருடைய படத்தை இவ்விடத்தில் காட்டுக' என்னும் கட்டளை மட்டுமே கோப்பில் இருக்கும். உலாவி அக்கட்டளைகளைப் படித்து, பக்கத்தைத் திரையில் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டுகிறது.

அச்சிட்ட தாளுக்கும் இணையப் பக்கத்துக்கும் உள்ள முதன்மையான வேறுபாடு இதுவே. அச்சுத் தாளில் எழுத்தின் அளவும் வரியின் நீளமும் அச்சகத்திலேயே முடிவு செய்யப்படுகின்றன. இணையப் பக்கத்திலோ அவை படிப்போருடைய கருவியில் முடிவாகின்றன. அகன்ற திரையில் எட்டு வரியாக அமையும் பத்தி கைபேசியில் இருபது வரியாக அமையலாம். இவ்வுண்மையை மனத்திற் கொண்டால், பின்னர் விளக்கப்படும் விதிகளுள் பெரும்பாலானவை தாமே விளங்கும்.

காட்சித் தொகுப்பியின் தோற்றம்

குறிகளைக் கையால் எழுதாமல், பக்கம் எவ்வாறு தோன்றுமோ அவ்வாறே திரையில் கண்டு திருத்த உதவும் மென்பொருள் காட்சித் தொகுப்பி எனப்படும். இது பிற்காலத்தில் தோன்றிய வசதி எனப் பலர் கருதுவர். உண்மையில் இது இணையத்துடன் ஒருங்கே பிறந்தது. ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1990-ஆம் ஆண்டின் இறுதியில் உருவாக்கிய முதல் உலாவியே, பக்கத்தைப் படிக்கவும் திருத்தவும் ஒருங்கே பயன்பட்டது. அதன் பின்னர் உலகெங்கும் பரவிய உலாவிகள் பெரும்பாலும் படிப்பதற்கென்றே அமைந்தன. எழுதும் கருவி தனியே பிரிந்தது.

1996-இல் நெட்ஸ்கேப் நிறுவனம் தன் உலாவியுடன் தொகுப்பி ஒன்றை இணைத்து வெளியிட்டது. அவ்வழியில் என்வியூ, கோம்போசர், புளூகிரிஃபன் ஆகிய இலவசத் தொகுப்பிகள் பின்னர் தோன்றின. சீமங்கி என்னும் உலாவித் தொகுதியில் அப்பழைய தொகுப்பியின் வழித்தோன்றல் இன்றும் உள்ளது. அலுவலகங்களில் வழங்கும் லிபர்ஆபிஸ் எழுதியிலும் பக்கத்தை எச்.டி.எம்.எல். கோப்பாகச் சேமிக்க இயலும். வேர்டுபிரஸ் முதலிய தளங்களில் உலாவிக்குள்ளேயே தொகுப்பி அமைந்துள்ளது. 1990-களின் பிற்பகுதியில் மிகுதியாக வழங்கிய மைக்ரோசாஃப்ட் ஃபிரண்ட்பேஜ் 2006-இல் நிறுத்தப்பட்டது. ஆயினும், அதில் செம்மையாக அமைக்கப்பட்ட பக்கங்கள் இன்றும் எவ்வுலாவியிலும் திறக்கும். கருவி மறைந்தாலும் கோப்பு நிலைக்கும் என்பதே இதிலிருந்து பெறத்தக்க பாடம். கோப்பைச் செம்மையாக வைத்தலே முதற்கடமை. கருவி எதுவாயினும் குற்றமில்லை.

புனே நகரமும் எழுத்துகளின் எண்ணும்

கணிப்பொறி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். ஆகவே ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் வழங்கப்படுகிறது. எழுதியவரும் படிப்பவரும் ஒரே எண் அட்டவணையைப் பின்பற்றினாலன்றி எழுத்து எழுத்தாகத் தோன்றாது. இந்திய மொழிகளுக்கு இவ்வட்டவணையை வகுத்த வரலாற்றில் மகாராஷ்டிர மாநிலத்துப் புனே நகரத்துக்குச் சிறப்பிடம் உண்டு. 1988-இல் மத்திய அரசு அந்நகரில் உயர்நிலைக் கணிப்பு வளர்ச்சி மையத்தை நிறுவியது. சி-டாக் எனச் சுருக்கமாக வழங்கும் இம்மையம் 1991-இல் பரம் 8000 என்னும் மீத்திறன் கணிப்பொறியை உருவாக்கிப் புகழ் பெற்றது. அதற்கு இணையான மற்றொரு பணி அத்துணைப் பரவலாக அறியப்படவில்லை. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1980-களில் உருவான ஜிஸ்ட் என்னும் இந்திய எழுத்துத் தொழில்நுட்பம் இம்மையத்தில்தான் தொடர்ந்து வளர்க்கப்பட்டது. 1991-இல் இந்தியத் தரநிர்ணய அமைப்பு இஸ்கி என்னும் குறியீட்டைத் தேசியத் தரமாக ஏற்றது.

இஸ்கியின் அடிப்படைக் கருத்து எளிமையானது. இந்திய எழுத்து முறைகள் வடிவத்தால் வேறுபடினும் ஒலி வரிசையால் ஒத்தவை. ஆகவே ஒரே ஒலிக்கு எல்லா எழுத்து முறைகளிலும் ஒரே எண்ணை வழங்கலாம். பின்னர் உலக மொழிகள் அனைத்துக்கும் வகுக்கப்பட்ட யூனிகோடு அட்டவணை, இந்திய எழுத்துகளுக்கு இஸ்கியின் 1988-ஆம் ஆண்டு வடிவத்தின் வரிசையையே பின்பற்றியது. யூனிகோடில் ஒவ்வொரு மொழிக்கும் தனி இடம் உண்டாயினும் வரிசை ஒன்றே. தேவநாகரி எழுத்தின் எண்ணுடன் 640-ஐக் கூட்டினால் அதற்கு நேரான தமிழ் எழுத்தின் எண் கிடைக்கும்.

இதனைப் புனே நகரின் பெயரைக் கொண்டே சோதிக்கலாம். மராட்டிய மொழியில் அப்பெயர் நான்கு குறிகளால் எழுதப்படுகிறது. அவற்றின் எண்கள் முறையே 2346, 2369, 2339, 2375 ஆகும். ஒவ்வொன்றுடனும் 640-ஐக் கூட்ட, 2986, 3009, 2979, 3015 எனக் கிடைக்கும். இவை முறையே தமிழில் பகரம், உகரக் குறி, ணகரம், ஏகாரக் குறி ஆகியவற்றின் எண்களாம். அவற்றைச் சேர்த்துப் படித்தால் 'புணே' என வரும். மராட்டியர் அந்நகரை ணகர ஒலியுடனேயே வழங்குகின்றனர் என்பதையும் தமிழர் னகரமாக எழுதுகின்றனர் என்பதையும் இக்கணக்கே காட்டிவிடுகிறது.

இதே வரிசையின் மற்றொரு விளைவு தமிழ் அட்டவணையிலுள்ள வெற்றிடங்களாகும். ககரத்தின் எண் 2965. அடுத்து வரும் ஙகரத்தின் எண் 2969. இடையிலுள்ள மூன்று எண்களுக்கு எழுத்தில்லை. தேவநாகரியில் ககர வருக்கத்துக்கு உரிய பிற மூன்று எழுத்துகள் தமிழில் இல்லாமையே இதற்குக் காரணம்.

இவ்வட்டவணை பரவுமுன் தமிழ்ப் பக்கங்களின் நிலை வேறாக இருந்தது. 1990-களில் எழுத்துரு அமைத்தோர் ஒவ்வொருவரும் ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் வடிவங்களைத் தம் விருப்பப்படி நிரப்பினர். எழுதியவரின் எழுத்துரு படிப்பவரிடம் இருந்தால் தமிழ் தோன்றும். இல்லையேல் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே தோன்றும். இக்குழப்பத்தை நீக்க 1999-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியது. விசைப்பலகைக்கும் எழுத்துருக் குறியீட்டுக்கும் பொது முறைகள் வகுக்கப்பட்டன. 2010-இல் தமிழ்நாட்டு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது. ஆயினும், இடைக்காலத்தில் தனித்தனி எழுத்துருக்களில் எழுதப்பட்டு, அவ்வெழுத்துருவின் பெயரும் மறைந்துபோன குறிப்புகளைப் படிப்பது இன்று அரிது. வயல் ஆய்வுக் குறிப்போ பாடக் குறிப்போ, எழுதியவரின் உழைப்பு முழுவதும் அதில் முடங்கிக் கிடக்கும். ஆகவே யூனிகோடில் எழுதுதல் வசதிக்காகக் கூறப்படும் அறிவுரை மட்டுமன்று. எழுதியது நிலைப்பதற்குரிய அடிப்படை நிபந்தனையாகும்.

ஒரு பக்கம் அமைத்தல்: மழைப் பதிவு

செயல்முறையை விளக்க மழைப் பதிவுப் பக்கம் ஒன்று எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. இதற்கும் புனே நகரத்துக்கும் தொடர்பு உண்டு. இந்திய வானிலைத் துறையின் தலைமையகம் 1928-இல் சிம்லாவிலிருந்து அந்நகருக்கு மாற்றப்பட்டது. பயிர்த்தொழிலுக்குரிய வானிலைப் பிரிவும் 1932-இல் அங்கேயே தொடங்கப்பட்டது. தலைமையகம் பின்னர் தில்லிக்குச் சென்றபோதிலும் அப்பிரிவின் பணி புனேயில் தொடர்கிறது.

முதற் படி: கணிப்பொறியில் 'மழை' எனப் பொருள்படும் பெயருடன் புதிய கோப்புறை ஒன்று அமைத்தல் வேண்டும். பக்கமும் படங்களும் இக்கோப்புறைக்குள்ளேயே இருத்தல் வேண்டும். கோப்புகளின் பெயர்கள் சிறிய ஆங்கில எழுத்துகளாலும் எண்களாலும் ஆகி, இடைவெளியின்றி இருத்தல் நலம். சில வழங்கிகள் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வெவ்வேறாகக் கருதும்.

இரண்டாம் படி: தொகுப்பியைத் திறந்து புதிய பக்கம் தொடங்கியவுடன், பக்கத்தின் பண்புகளில் எழுத்துக் குறியாக்கம் யூ.டி.எஃப்.-8 என உள்ளதா எனப் பார்த்தல் வேண்டும். இம்முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டு இடம் கொள்ளும். 'தமிழ்' என்னும் சொல்லில் தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என ஐந்து குறிகள் இருத்தலின், அது 15 பைட்டு ஆகும். குறியாக்கம் மேனாட்டு எழுத்துக்கு உரியதாக இருந்தால், பழைய தொகுப்பிகள் ககரத்தை &#2965; என ஏழு பைட்டு கொண்ட எண் வடிவில் சேமிக்கும். திரையில் வேறுபாடு தெரியாது. ஆனால் கோப்பு பருக்கும். பின்னர் மூலத்தைத் திறந்து திருத்த முற்படுவோருக்கு எண் குவியலே எஞ்சும்.

மூன்றாம் படி: பக்கத்தின் பெயரைப் பண்புகளில் எழுதுதல் வேண்டும். 'புதிய பக்கம்' என விடுதல் கூடாது. தேடுபொறி காட்டுவதும், படிப்போர் குறித்து வைத்துக்கொள்வதும் இப்பெயரையே. ஊர், பொருள், ஆண்டு ஆகிய மூன்றும் அதில் இடம் பெறுதல் நலம்.

நான்காம் படி: தலைப்பை எழுதி, தொகுப்பியின் பாணிப் பட்டியலில் 'முதல் நிலைத் தலைப்பு' என்பதைத் தேர்தல் வேண்டும். உட்தலைப்புகளுக்கு இரண்டாம் நிலை உரியது. சாதாரணப் பத்தியையே தடித்த பெரிய எழுத்தாக்கித் தலைப்புப் போலக் காட்டுதல் மிகப் பரவலான பிழையாகும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் பார்வையற்றோருக்குப் பக்கத்தை வாசித்துக் காட்டும் மென்பொருள், தலைப்புக் குறியைக் கொண்டே பகுதிக்குப் பகுதி தாவிச் செல்கிறது. குறி இல்லையேல் அவர்கள் பக்கம் முழுவதையும் வரிவரியாகக் கேட்க நேரிடும்.

ஐந்தாம் படி: அளவெடுத்த முறையைச் சுருக்கமாக எழுதுதல் வேண்டும். 'ஒவ்வொரு நாளும் காலை 8.30 மணிக்கு அளக்கப்பட்டது. அதற்கு முந்தைய 24 மணி நேரத்தில் பெய்த மழையைக் குறிக்கும்' என்னும் ஒரு வரி இன்றியமையாதது. மழைமானியின் வாய்ப்பரப்பு 200 சதுர செ.மீ. ஆயின், 1 மி.மீ. மழை 20 கன செ.மீ. நீராக நிற்கும் என்பதையும் மாணவர் பொருட்டு சேர்க்கலாம்.

ஆறாம் படி: அட்டவணையைச் செருகுதல். 'நாள்', 'மழை மி.மீ.' என்னும் தலைப்பறைகள் இரண்டும், அவற்றின் கீழ் ஐந்து வரிசைகளும் அமைத்து, எடுத்துக்காட்டாக 0.0, 12.4, 2.5, 1.8, 31.0 என அளவுகளை இடலாம். கூட்டுத்தொகை 47.7 மி.மீ. ஆகும். வானிலைத் துறையின் வழக்கப்படி 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட மழை பெய்த நாளே மழைநாள் ஆதலின், மேற்கண்ட ஐந்து நாள்களுள் மழைநாள்கள் மூன்றே. மேல் வரிசையைத் தலைப்பு வரிசை எனத் தொகுப்பியில் குறித்தல் வேண்டும். அளவெழுதிய நோட்டுத் தாளைப் படம் பிடித்து ஒட்டுதல் அட்டவணைக்கு ஈடாகாது. படத்திலுள்ள எண்ணை நகலெடுக்கவோ கூட்டவோ தேடவோ இயலாது. சிறு திரையில் 12.4 என்பது 124 எனவும் தோன்றலாம்.

ஏழாம் படி: மழைமானியின் படம் ஒன்றைச் செருகுதல். செருகுமுன் படத்தின் அகலத்தை 800 படப்புள்ளிகளாகக் குறைத்துவிடுதல் வேண்டும். கைபேசி எடுக்கும் படம் 4 மெகாபைட்டு அளவினது எனவும், கிராமத்துத் தொடர்பு வினாடிக்கு 100 கிலோபிட் எனவும் கொண்டால், படம் வந்து சேர 320 வினாடி ஆகும். 100 கிலோபைட்டாகக் குறைத்த படம் 8 வினாடியில் வந்துவிடும். தொகுப்பியில் படத்தின் மூலையை இழுத்துச் சிறிதாக்கினால் தோற்றம் சிறுக்குமேயன்றிக் கோப்பு சிறுக்காது. படத்துடன் மாற்று விளக்கமும் எழுதுதல் வேண்டும். படம் தோன்றாத இடத்தில் அதுவே படத்துக்குப் பதிலாக நிற்கும்.

எட்டாம் படி: பிற பக்கங்களுக்கு இணைப்புத் தருதல். 'இங்கே சொடுக்கவும்' என்பதனினும் 'சென்ற ஆண்டு மழைப் பதிவு' என்பது சிறந்த இணைப்புச் சொல். செல்லும் இடத்தை இணைப்பே உணர்த்துதல் வேண்டும்.

காட்சி மறைக்கும் பிழைகள்

காட்சித் தொகுப்பியின் சிறப்பே அதன் குறையுமாகும். குறிகளை மறைத்துவிடுவதால் குறிகளிலுள்ள பிழைகளையும் அது மறைக்கிறது. அமைத்தவரின் கணிப்பொறியில் ஒழுங்காக விளங்கும் பக்கம் பிறரிடத்தில் சிதைவதற்கு மூன்று காரணங்கள் முதன்மையானவை.

முதலாவது, படத்தின் முகவரி. சில தொகுப்பிகள் படத்தை அமைத்தவரின் வன்தட்டில் அது உள்ள முழு வழியுடன் குறித்துவிடும். அவ்வழி அக்கணிப்பொறியில் மட்டுமே உண்டு. அமைத்தவர் எத்தனை முறை பார்த்தாலும் படம் தோன்றும். பிறர் எவருக்கும் தோன்றாது. ஆகவே முகவரியில் கோப்பின் பெயர் மட்டுமே இருத்தல் வேண்டும். ஒரே கோப்புறையில் அனைத்தையும் வைத்தல் இதற்காகவே விதிக்கப்பட்டது.

இரண்டாவது, ஒட்டிய எழுத்து. சொற்செயலியில் தட்டெழுதிய பகுதியை நகலெடுத்து ஒட்டும்போது, எழுத்துருவின் பெயர், வண்ணம், வரி இடைவெளி ஆகியவை மறைகுறிகளாக உடன் வரும். ஒரு பத்திக்கு அதனினும் நீண்ட குறிகள் சேர்ந்துவிடுதல் உண்டு. அக்குறிகள் எழுத்தைக் குறிப்பிட்ட அளவில் கட்டிவிடுவதால், கைபேசியில் பக்கம் அகன்று திரைக்கு வெளியே செல்லும். வடிவமின்றி ஒட்டும் கட்டளையைப் பயன்படுத்துதலே பரிகாரம். அதனினும் கொடியது, பழைய எழுத்துருவில் தட்டெழுதியதை அப்படியே ஒட்டுதல். அமைத்தவர் திரையில் தமிழாகவும் பிறர் திரையில் குப்பையாகவும் அது தோன்றும். அத்தகைய பகுதியை முதலில் யூனிகோடுக்கு மாற்றிய பின்னரே சேர்த்தல் வேண்டும்.

மூன்றாவது, விடுபட்ட குறிப்புகள். பக்கத்தின் மொழி தமிழ் என்னும் குறிப்பையும், கருவியின் அகலத்துக்கு ஏற்பப் பக்கம் அமைக என்னும் கட்டளையையும் பழைய தொகுப்பிகள் தாமாகச் சேர்ப்பதில்லை. முதற்குறிப்பு இல்லையேல் வாசிப்பு மென்பொருள் தமிழைத் தமிழாக ஒலிக்கத் தவறலாம். இரண்டாவது இல்லையேல் கைபேசியில் எழுத்து எறும்பளவாகத் தோன்றும். இவ்விரு வரிகளையும் தொகுப்பியின் மூலத் தோற்றத்திற்குச் சென்று ஒருமுறை சேர்த்து, அக்கோப்பையே மாதிரிக் கோப்பாக வைத்துக்கொண்டால், பின்னர் அமைக்கும் பக்கங்களுக்கு மீண்டும் சேர்க்கத் தேவையில்லை.

மூலத் தோற்றத்தைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. சீமங்கித் தொகுப்பியில் இயல்பு, குறிகள், மூலம், முன்னோட்டம் என நான்கு தோற்றங்கள் உள. இயல்புத் தோற்றத்தில் ஒரு வரி எழுதி, உடனே மூலத் தோற்றத்தில் அவ்வரி எவ்வாறு அமைந்துள்ளது எனப் பார்க்கும் பழக்கம் ஒரு வாரத்தில் அடிப்படைக் குறிகள் அனைத்தையும் கற்பித்துவிடும்.

ஆசிரியருக்கு ஒரு முன்மாதிரி

பயன்படும் பக்கத்துக்கு அலங்காரம் தேவையில்லை என்பதற்குப் புனே நகரிலேயே சான்று உண்டு. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் மின்பொறியியல் கற்ற அரவிந்த் குப்தா, புனேயில் மோட்டார் வண்டித் தொழிற்சாலையில் பணியாற்றிய காலத்தில், 1978-இல் மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் கிராமப் பள்ளிகளின் அறிவியற் கல்வித் திட்டத்தில் பங்கேற்கச் சென்றார். தீக்குச்சி, மிதிவண்டி வால்வுக் குழாய், பழைய தாள் ஆகியவற்றைக் கொண்டு அறிவியற் கருத்துகளை விளக்கும் பொம்மைகளை உருவாக்கினார். 2003 முதல் 2014 வரை புனேயிலுள்ள வானியல், வானியற்பியல் பல்கலைக்கழகங்களிடை மையத்தின் சிறுவர் அறிவியற் கூடத்தில் பணியாற்றினார். 2018-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

அவருடைய இணையத்தளத்தில் பொம்மை செய்யும் முறைகளும் பல இந்திய மொழிகளிலுள்ள நூல்களும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பொம்மைக்குரிய பக்கத்தில் செய்முறைப் படங்கள் வரிசையாக இருக்கும். படத்துடன் சில சொற்களில் விளக்கம் இருக்கும். அவ்வளவே. ஆயினும், ஆய்வுக்கூடமற்ற பள்ளியின் ஆசிரியர் அப்பக்கத்தைக் கண்டு, அன்றைய வகுப்பிலேயே பொம்மையைச் செய்து காட்ட இயலும். ஒரு படி, ஒரு படம், ஒரு வாக்கியம் என்னும் அவ்வமைப்பைக் காட்சித் தொகுப்பியின் மிக எளிய வசதிகளைக் கொண்டே எவரும் பின்பற்றலாம். பாத்தி கட்டுதல், விதை நேர்த்தி செய்தல், மண் மாதிரி எடுத்தல் ஆகிய களப் பணிகளை விளக்கவும் அதுவே ஏற்ற முறை.

வெளியிடுமுன் செய்யத்தக்க சோதனை

பக்கம் முடிந்ததும் கோப்புறை முழுவதையும் வேறொரு கணிப்பொறிக்கு மாற்றித் திறந்து பார்த்தல் வேண்டும். படங்கள் தோன்றாவிடில் முகவரிப் பிழை அப்போதே வெளிப்படும். பின்னர், விலை குறைந்த கைபேசி ஒன்றில் திறந்து, விரலால் பெரிதாக்காமல் படிக்க இயலுகிறதா எனவும், படங்களை நிறுத்திவிட்டுப் பார்த்தால் செய்தி விளங்குகிறதா எனவும் சோதித்தல் வேண்டும். இறுதியாக, பக்கத்தை அமைப்பதில் பங்கு கொள்ளாத ஒருவரிடம் தந்து, ஒரு குறிப்பிட்ட நாளின் மழை அளவைக் கண்டறியச் சொல்லுதல் நலம். அவர் தடுமாறும் இடமே திருத்தத்துக்கு உரிய இடம்.

அலுவலகப் பக்கமாயின் மேலதிகாரியின் ஒப்புதல் பெற்றே வெளியிடுதல் வேண்டும். அரசு இணையத்தளங்களுக்குரிய வழிகாட்டு நெறிகள் 2009 முதல் வழக்கில் உள்ளன. அவற்றின் மூன்றாம் பதிப்பு 2023-இல் வந்தது. மாணவரின் படத்தையும் விவசாயியின் தொலைபேசி எண்ணையும் இசைவின்றிச் சேர்த்தல் தகாது.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், கடைசியாகத் திருத்திய நாளும், பொறுப்பாளரின் பதவியும் இருத்தல் வேண்டும். அளவில் பிழை கண்டால் ஓசையின்றி மாற்றிவிடாமல், இன்ன நாளில் இன்ன எண் திருத்தப்பட்டது என ஒரு வரி எழுதுதல் முறை. 12.4 மி.மீ. பெய்த இடத்தில் 124 எனப் படித்தவர் நிலத்தில் ஈரம் போதுமெனக் கருதி விதைத்துவிடக்கூடும். பக்கத்தை அமைப்பவருக்கு அது ஒரு புள்ளி. விதைத்தவருக்கோ அது ஒரு பருவத்தின் விதை. நாளும் பொறுப்பும் இல்லாத பக்கம் கையொப்பமில்லாத கடிதத்துக்கு ஒப்பாகும்.

பயிற்சிகள்

1. உங்கள் பள்ளி அல்லது அலுவலகத்திலுள்ள மழைமானியின் ஏழு நாள் அளவுகளைக் கொண்டு ஒரு பக்கம் அமைக்கவும். மொத்த மழையையும் மழைநாள்களின் எண்ணிக்கையையும் அட்டவணையின் கீழ் எழுதவும்.

2. 'மழை' என்னும் சொல்லில் உள்ள குறிகளை எண்ணி, யூ.டி.எஃப்.-8 முறையில் அச்சொல் எத்தனை பைட்டு ஆகும் எனக் கணக்கிடவும். விடை: மகரம், ழகரம், ஐகாரக் குறி என மூன்று குறிகள், ஆகவே 9 பைட்டு.

3. ஒரே பத்தியைச் சொற்செயலியிலிருந்து நேரே ஒட்டியும், வடிவமின்றி ஒட்டியும் இரு பக்கங்களாகச் சேமித்து, இரண்டின் கோப்பளவையும் மூலத் தோற்றத்தையும் ஒப்பிடவும்.

4. கையால் செய்யத்தக்க எளிய சோதனை ஒன்றைத் தேர்ந்து, ஆறு படங்களும் ஆறு வாக்கியங்களும் மட்டுமே கொண்டு விளக்கும் பக்கம் ஒன்றை மாணவரைக் கொண்டு அமைக்கச் செய்யவும். பின்னர் வேறு வகுப்பு மாணவர் அப்பக்கத்தை மட்டும் படித்து அச்சோதனையைச் செய்ய இயலுகிறதா எனக் காணவும்.